கேம் மாஸ்டர் எழுந்து போன பிறகு

பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமில் செத்தவர்களோடு பேசுவதற்கு ஒரு மந்திரம் இருக்கிறது. பிணத்தின் முன்னால் நின்று அதைப் போட்டால் பிணம் எழும். ஐந்து கேள்விகள் கேட்கலாம். ஆனால் அந்த ஆளைக் கொன்றது நீங்கள்தான் என்றால் வாயே திறக்காது. அதற்கும் ஒரு வழி உண்டு. வேஷம் மாற்றும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு வந்து கேளுங்கள், பிணம் ஏமாந்துபோய் பதில் சொல்லும்.

ஐந்து கேள்விகள் என்ற கணக்கு, அதற்கு மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் விதிப் புத்தகத்திலிருந்து வந்தது. பிணம் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கேட்பவர் எதிரி என்று தெரிந்தால் மழுப்பலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. கொன்றவனிடம் பேசாது, வேஷம் போட்டால் பேசும் என்பது அந்த மந்திரத்தின் விதியில் இல்லை. ஆனால் மேஜையில் உட்கார்ந்து விளையாடியிருந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டிருப்பார்: "நான் வேற முகத்தோட போய்க் கேட்டா என்ன ஆகும்?" கதையை நடத்தித் தீர்ப்பு சொல்லும் கேம் மாஸ்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, போய்ப் பாரு" என்று சிரித்திருப்பார். அந்த ஒரு நொடி யோசனையை, பால்டர்ஸ் கேட் 3-ஐச் செய்த லாரியன் நிறுவனத்தார் முன்கூட்டியே யோசித்து, குரல் பதிவு செய்து, விளையாட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

மேஜை விளையாட்டை வீடியோ கேமாக மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் சண்டைக்கு இது நல்ல நுழைவாயில். ஒரு கட்சி, "புத்தகத்தில் இருக்கிற விதியில் கை வைக்காதே" என்கிறது. இன்னொரு கட்சி, "விளையாட ஜாலியாக இருந்தால் போதாதா?" என்று கேட்கிறது. எனக்கு இரண்டு கட்சியும் தப்பான இடத்தில் அளவுகோலை வைப்பதாகத்தான் தோன்றுகிறது. இந்த வகை விதிப் புத்தகம் முழுமையான பொருளே அல்ல. மேஜையின் தலைமாட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட பாதி அது. மீதிப் பாதி அவருடைய தலைக்குள் இருக்கிறது. கணினிக்கு மாற்றும்போது புத்தகம் வந்து சேர்கிறது, அவர் வருவதில்லை.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள். பொம்மைப் படைகளை வைத்து விளையாடும் போர் விளையாட்டுகளிலிருந்து முளைத்தது அது. நடுவர் ஒருவர் தீர்ப்பு சொல்லும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது. ஆகவே எழுதாமல் விட்ட இடங்களை நிரப்ப ஆள் இருக்கிறார் என்ற தைரியம் முதல் நாளிலிருந்தே அந்த விதிகளுக்குள் ஊறியிருக்கிறது.

அந்த ஆள் இல்லாமல் விதியை மட்டும் அச்சு அசலாக இறக்கினால் என்ன ஆகும்? ஆவ்ல்கேட் நிறுவனம் உருவாக்கி 2018-இல் வந்த பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர் வீடியோ கேமின் சிலந்திக் கூட்டத்தைப் பாருங்கள். பாத்ஃபைண்டர் என்ற மேஜை விளையாட்டின் விதிப்படி மிகச் சிறிய பூச்சிகளின் கூட்டத்தை வாளால் வெட்ட முடியாது. வெட்டினால் காற்றை வெட்டுவது போலத்தான், சேதம் பூஜ்யம். தீ வேண்டும், அல்லது ஒரு பரப்பையே தாக்கும் மந்திரம் வேண்டும். நியாயமான விதிதான். மேஜையில் முதல் வெட்டு வீணானதும் கேம் மாஸ்டர் சொல்வார்: "உன் வாள் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது, ஒன்றிரண்டு சிலந்திகள் நசுங்கின, மீதி உன் கைமேல் ஏறுகின்றன. உன் நண்பன் கையில் பந்தம் எரிந்துகொண்டிருக்கிறது." அந்தக் கடைசி வாக்கியம் எந்த விதியிலும் இல்லை. ஆனால் விதி வேலை செய்வதே அதனால்தான். கிங்மேக்கரில் தொடக்கத்திலேயே வரும் ஒரு குகைக்குள் இந்தக் கூட்டம் காத்திருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்ல யாரும் இல்லை. முதல் லெவல், இரண்டாம் லெவல் வீரர்கள் வெட்டிக்கொண்டே செத்துப்போனார்கள். வெளியான முதல் வாரங்களில் அந்த விளையாட்டின் மேல் வந்த புகார்களில் அடிக்கடி கேட்ட பெயர் இந்தச் சிலந்திகளுடையது. விதி துளிகூடப் பிசகவில்லை. ஆனால் நடந்தது அந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்த காட்சி இல்லை.

அடுத்தது, குறி தவறுவது. 20 முகப் பகடையை உருட்டி 5 கூட்டுகிறீர்கள், எதிரியின் கவச எண் (அடி பட வேண்டுமானால் எட்ட வேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். நூற்றுக்கு நாற்பத்தைந்து அடிகள் வீண். மேஜையில் இது பெரிய குறையாகத் தெரியாது. வீணான அடிக்கும் ஒரு கதை கிடைக்கும், நண்பர்கள் கிண்டலடிப்பார்கள், அப்புறம் ஒரு மாலை முழுக்க நீங்கள் உருட்டப்போவதே முப்பது நாற்பது தடவைதான். திரையில் அதே எண் வேறு பொருளாகிவிடுகிறது. நூறு மணி நேரம் ஓடும் விளையாட்டில் ஆயிரக்கணக்கான தடவை பகடை உருளும். 65 சதவீத வாய்ப்புள்ள அடி தொடர்ந்து நான்கு தடவை தவறுவதற்கான வாய்ப்பு சுமார் ஒன்றரை சதவீதம். அவ்வளவு உருட்டல்களில் அது கட்டாயம் நடக்கும், ஒரு தடவை இல்லை, பல தடவை. அது நடந்ததும் ஆட்டக்காரர் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் ஏமாத்துது."

கையில் உருட்டிய பகடைக்கு அதுவே சாட்சி. கணினி உருட்டும் எண்ணுக்குச் சாட்சி கிடையாது. பால்டர்ஸ் கேட் 3 இந்த இடத்தில் இரண்டு வேலை செய்தது. உரையாடலில் வரும் சோதனைகளுக்குத் திரை நிறையும் அளவில் ஒரு பகடையை உருட்டிக் காட்டி, கூட்டல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் வந்து ஒட்டவைக்கிறது. அது நம்பிக்கைக்கு. இன்னொன்று, 'கார்மிக் டைஸ்' என்ற தேர்வு. தொடர்ச்சியாகத் தோல்வி வந்தால் பகடையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்க்கும். வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம். கறாராகப் பார்த்தால் இது பித்தலாட்டம். ஆனால் திரைக்குப் பின்னால் உருட்டிவிட்டு, பாவம் போதும் என்று எண்ணை மாற்றிச் சொல்லும் கேம் மாஸ்டர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பலரும் பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் என் கணக்கில் இந்த விவகாரத்தின் மையம் பகடையில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று கணக்கு. தீர்ந்தால் ஒரு முழு ஓய்வு எடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரும் என்ற அனுமானத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. வாள்வீரன் நாள் முழுக்க ஒரே சீராக அடிப்பான். மந்திரவாதி ஒரே அடியில் கூட்டத்தைக் கொளுத்துவார், ஆனால் இரண்டு மூன்று தடவைதான். எதை இப்போது செலவு செய்வது, எதைப் பிறகுக்கு வைப்பது என்ற தவிப்புதான் அந்த விளையாட்டின் பாதி ருசி.

மேஜையில் இந்தத் தவிப்பைக் காப்பாற்றுவது யார்? "இப்போதே படுத்துத் தூங்குகிறோம்" என்று யாராவது சொன்னால், "சரி, ஆனால் கடத்தப்பட்ட பெண்ணை விடிவதற்குள் பலி கொடுக்கப் போகிறார்களே" என்று நினைவூட்டும் கேம் மாஸ்டர்தான். கணினியில் அவர் இல்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஓய்வுப் பொத்தானைத் தட்டலாம். 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் கண்ட இடத்தில் தூங்கினால் ராட்சதர்கள் வந்து எழுப்பக்கூடும் என்று ஒரு தடுப்பு வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். தூங்குவதற்கு முன் சேவ் செய் (ஆட்டத்தை அந்த நிலையில் பதிந்து வை), ராட்சதர் வந்தால் லோடு செய் (பதிந்த இடத்துக்கே திரும்பு), திரும்பத் தூங்கு. சேவ், லோடு இரண்டும் எந்த மேஜையிலும் இல்லாத விதிகள். ஆனால் கணினிக்கு வந்ததும் மற்ற எல்லா விதிகளையும் விட வலுவானவை அவைதான்.

இந்த ஓட்டையை அடைக்க வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு மாதிரி முயன்றிருக்கின்றன. 2021-இல் வந்த சொலாஸ்டா ஐந்தாம் பதிப்பை வரிக்கு வரி பின்பற்றுவதில் பெருமைப்படும் விளையாட்டு. அதுவே இந்த ஒரு விஷயத்தில் புத்தகத்தை விட்டு விலகுகிறது: குறிப்பிட்ட முகாம் இடங்களில் மட்டும்தான் முழு ஓய்வு, அதற்குக் கையில் உணவும் இருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3, சாதாரணக் கடினத்தில் ஒரு முழு ஓய்வுக்கு 40 அளவு உணவுப் பொருள் கேட்கிறது. நடைமுறையில் அது தாராளமாகவே கிடைக்கிறது, கட்டுப்பாடாக அது அவ்வளவு கடிக்கவில்லை. இன்னும் வேடிக்கை, கூட்டாளிகளின் கதைக் காட்சிகள் பல முகாமில்தான் நடக்கும். அதனால் ஓய்வைச் சேமித்துச் சேமித்து விளையாடிய கெட்டிக்காரர்கள்தான் காட்சிகளைத் தவறவிட்டார்கள். விதியின் நோக்கத்தையும் கதையின் தேவையையும் ஒரே கயிற்றில் கட்டியதால் வந்த வினை அது. என் பார்வையில் அந்த விளையாட்டின் பலவீனமான முடிச்சும் அதுதான்.

மந்திரக் கணக்கையே தூக்கி எறிந்தால் என்ன என்று கேட்கலாம். 2015-இல் வந்த ஸ்வோர்ட் கோஸ்ட் லெஜண்ட்ஸ் அதைத்தான் செய்தது. ஒரு மந்திரத்தைப் போட்டால் சில நொடிகள் காத்திரு, திரும்பப் போடு. ஐந்தாம் பதிப்பின் பெயரைச் சொல்லி விற்ற விளையாட்டில் அந்தப் பதிப்பின் இதயத்தை எடுத்துவிட்டு வேறு வகை அதிரடி விளையாட்டுகளின் கடிகாரத்தைப் பொருத்தியிருந்தார்கள். சேமிப்பதா செலவழிப்பதா என்ற கேள்வியே எழவில்லை. ரசிகர்கள் ஒதுக்கினார்கள், 2018-இல் அதன் சர்வர்கள் மூடப்பட்டன. சுதந்திரம் எடுத்துக்கொண்டதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்று பார்க்காமல் உருவினார்கள்.

பார்த்து உருவியவர்களும் உண்டு. 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டின் நாயகன் சாகாவரம் பெற்றவன். செத்தால் பிணவறையிலோ வேறெங்கோ விழித்துக்கொள்வான். மரணம் என்ற விதியையே நாயகனிடமிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அதையே கதையின் முதுகெலும்பாகவும் வைத்தார்கள். ஏன் சாகவில்லை, ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் எதை இழக்கிறான் என்பதுதான் கதை. லோடு பொத்தானைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் செய்யலாம் என்று காட்டிய விளையாட்டு அது. விதிகளை அவ்வளவு வளைத்தும், இதுவரை வந்தவற்றில் ஒரு நல்ல கேம் மாஸ்டரோடு உட்கார்ந்த உணர்வை அதிகம் தருவது அதுதான் என்பேன்.

இதற்கு நேர் எதிர்முனையில் 2003-இல் டிராய்கா செய்த டெம்பிள் ஆஃப் எலிமெண்டல் ஈவில். கைகாக்ஸ் பங்கெடுத்த பழைய சாகசத் தொகுப்பு ஒன்றை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றரைப் பதிப்பு விதிகளில் அப்படியே இறக்கினார்கள். ஐந்தடி நகர்வு, சந்தர்ப்பத் தாக்குதல், கால் இடறிவிடுவது என்று எதையும் விடவில்லை. பிழைகள் மலிந்த நிலையில் வெளியானது, கதையும் மெலிவு. ஆனாலும் அதன் சண்டைக்காகவே அதை இன்றைக்கும் மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். இது நான் சொல்லிவந்ததை மறுப்பது போலத் தோன்றலாம். மறுக்கவில்லை. சண்டை என்பது அந்தப் புத்தகத்தில் ஏற்கெனவே கேம் மாஸ்டரை அதிகம் நம்பாத பகுதி. கட்டம், எண், வரிசை எல்லாம் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். அங்கே விசுவாசம் செல்லுபடியாகும்.

கேம் மாஸ்டரே இல்லாத மேஜை விளையாட்டுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1986-இல் பிறந்த பிளட் பவுல், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மூர்க்கமான பந்தாட்டம். ஓர் ஆட்டக்காரன் பந்தைத் தவறவிட்டாலோ கீழே விழுந்தாலோ அந்த முறையே முடிந்தது, எதிராளி கையில் ஆட்டம். இந்த ஒரு விதி எல்லா முடிவுகளையும் ஆட்டிப்படைக்கும். 2009-இல் வந்த கணினி வடிவம் அதைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது, யாருக்கும் வருத்தமில்லை. விதி மட்டுமே ஆட்டம், தீர்ப்பு சொல்ல ஆள் தேவையில்லை, எதிரில் இருப்பதும் மனிதர். க்ளூம்ஹேவன் என்ற மேஜை விளையாட்டும் அப்படித்தான். ராட்சதர்களை நடத்துவது மனிதர் அல்ல, சீட்டுக்கட்டு. 2021-இல் முழுமையாக வந்த அதன் கணினிப் பதிப்பு செய்த பெரிய உபகாரம், பெட்டியைத் திறந்து நூற்றுக்கணக்கான அட்டைகளைப் பரப்பி வைக்கும் வேலையை ஒழித்ததுதான்.

ஆனால் மனிதர் இல்லாத மேஜையிலும் புத்தகத்துக்கு வெளியே ஒன்று இருக்கும்: நேரம். 1989-இல் வந்த ஸ்பேஸ் ஹல்க் என்ற மேஜை விளையாட்டில் போர்வீரர்களை நகர்த்துபவருக்கு மட்டும் காலக்கெடு. இருட்டான கப்பலில் பதறுவது எப்படி என்பதை அந்தக் கெடுதான் கற்றுக்கொடுத்தது. 1993-இல் கணினிக்கு வந்தபோது கெடுவை அப்படியே கொண்டுவராமல், விளையாட்டையே நிஜ நேரத்தில் ஓடவிட்டு, நேரத்தை நிறுத்திவைத்து யோசிக்கும் வசதியை அளவோடு கொடுத்தார்கள். உறைந்த நேரம் தீர்ந்துவிட்டால் பதற்றத்தோடுதான் ஆட வேண்டும். விதியின் உருவம் அடையாளம் தெரியாமல் மாறிப்போனது, பயம் அப்படியே இருந்தது. முதல் பால்டர்ஸ் கேட் எதிர்த்திசையில் போனது. அன்றைய விதிப் புத்தகத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். விளையாட்டில் அதை ஆறு நொடியாகச் சுருக்கி, எல்லோரையும் ஒரே சமயத்தில் அடிக்கவிட்டு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அது ஒரு பாரம்பரியமாகவே ஆகிப்போனது. கிங்மேக்கரும் அந்த வழியில் தொடங்கியது. ஆனால் விதிகள் முறை வைத்து ஆடுவதற்காக எழுதப்பட்டவை. ரசிகர் ஒருவர் முறை வைத்து ஆடும் மாட் (ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் மாற்றம்) ஒன்றைச் செய்ய, 2020-இல் நிறுவனமே அதை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது.

சொந்தப் பிள்ளையையே வெட்டிச் சீர்செய்த கதை, ராட்சதப் போர் இயந்திரங்கள் மோதும் பேட்டில்டெக். 1984-இல் மேஜை விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன், 2018-இல் அதன் கணினி வடிவத்தையும் முன்னின்று செய்தார். மேஜையில் மீடியம் லேசர் 5 சேதம், பெரிய பீரங்கியான ஏசி-20 பெயருக்கேற்ப 20 சேதம். கையால் கட்டங்களைப் பென்சிலால் அடிக்க வேண்டும் என்பதால் எண்கள் சின்னவை. கணினிக்குப் பென்சில் நோகாது. அங்கே அவை 25, 100. ஐந்தால் பெருக்கியதும் நடுவில் நிறைய இடம் கிடைத்தது. கொஞ்சம் நல்ல லேசர், கொஞ்சம் மட்டமான லேசர் என்றெல்லாம் வேறுபடுத்த முடிந்தது. விதியின் பாதி வடிவம் காகிதத்தின் வசதிக்காகப் பிறந்தது என்பதை எழுதியவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உரிமம் என்ற காரணமும் இதில் உண்டு. ஃபால்அவுட் என்ற வீடியோ கேமை முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் கர்ப்ஸ் என்ற மேஜை விளையாட்டு விதிகளை வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1997-இல், விளையாட்டு வெளிவர வேண்டிய ஆண்டிலேயே, அந்த ஏற்பாடு முறிந்தது. வன்முறைக் காட்சிகள் பற்றிய கருத்து வேறுபாடு ஒரு காரணம் என்பார்கள். அவசர அவசரமாக 'ஸ்பெஷல்' என்ற சொந்த விதித் தொகுப்பைச் செய்து பொருத்தினார்கள், அதே ஆண்டு விளையாட்டும் வந்தது. எலும்புக்கூட்டை மாற்றியும் உடம்பு நடந்தது. புள்ளிகளைப் பங்கிட்டு ஆளை உருவாக்குவது, ஒரு பலத்துக்கு ஒரு பலவீனத்தை ஏற்பது என்று பழைய எலும்பின் சாயல் அதில் தெரியத்தான் செய்தது.

திரும்ப பால்டர்ஸ் கேட் 3-க்கு வருவோம். அதில் லாரியன் மாற்றியவற்றில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. புத்தகப்படி, திறன் சோதனையில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்று கிடையாது, அது தாக்குதலுக்கு மட்டும். இங்கே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். பூட்டு திறப்பதில் கைதேர்ந்த திருடன், எளிய பூட்டில் இருபதுக்கு ஒரு தடவை கருவியை உடைத்துக்கொள்கிறான். அப்புறம்? இன்னொரு கருவியை எடுத்துத் திரும்பத் தட்டுகிறோம். தோல்வியிலிருந்து எதுவும் முளைக்காத இடத்தில் தோல்வியை வைப்பது வெறும் ஒரு கிளிக்.

தள்ளிவிடுவது வேறு கதை. புத்தகத்தில் ஒருவரைத் தள்ள உங்கள் முறையின் முக்கியச் செயலைச் செலவழிக்க வேண்டும், தள்ளினாலும் ஐந்தடிதான். லாரியன் அதைச் சிறு செயலாக்கி (முக்கியச் செயலோடு கூடவே செய்யக்கூடியது), தூரத்தைத் தள்ளுபவரின் பலத்துக்கும் எதிரியின் எடைக்கும் ஏற்ப நீட்டியது. அவர்கள் உருவாக்கிய களங்கள் முழுக்கப் பாறை விளிம்பும் மாடியும் பள்ளமும்தான். தள்ளுவது மலிவாக இல்லாவிட்டால் அந்த உயரங்கள் வெறும் அலங்காரம். மேஜையில் விளிம்பு என்பது யாராவது சொன்னால்தான் இருக்கும். திரையில் அது எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது, அதற்கு ஒரு விதி தேவைப்பட்டது.

காயம் ஆற்றும் மருந்தைக் குடிப்பதையும் இதேபோலச் சிறு செயலாக்கினார்கள். அது அவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. பல மேஜைகளில் ஆண்டுக்கணக்காக வீட்டு விதியாக ஓடிக்கொண்டிருந்ததுதான். 2024-இல் திருத்தி வெளியிட்ட விதிப் புத்தகங்களைத் திறந்தால் மருந்து குடிப்பது அங்கேயும் சிறு செயலாகிவிட்டது. தள்ளிவிடுவதோ, மேஜையில் இன்னும் அதே ஐந்தடிதான்.